பாலைவனத்து நெருப்புக் கல்லும் முட்டத்துச் செம்மணலும்

அரிசோனா பாலைவனத்தில் ஒருவர் குனிந்து பழுப்பு நிறக் கல் ஒன்றைப் பொறுக்குகிறார். தண்ணீர் தெளித்து வெயிலில் திருப்புகிறார். உள்ளே சிவப்பும் பச்சையும் தணல் போல அசைகின்றன. இப்படிப்பட்ட வீடியோக்களை நம் பிள்ளைகள் இப்போது நிறையப் பார்க்கிறார்கள். பார்த்து முடித்ததும் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கிடைக்குமா?"

கிடைக்காது. ஆனால் ஏன் கிடைக்காது என்பது புரிந்துவிட்டால், இங்கே என்ன கிடைக்கும் என்பதும் கூடவே புரிந்துவிடும். கல் சேகரிக்க வருகிறவர்கள் கல்லின் படத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். அதைவிடப் பாறையைப் படித்துவிட்டு வருவது நல்லது. எந்தப் பாறையில் எந்தக் கல் விளையும் என்று தெரியாதவர், வயலைப் பார்க்காமலே நெல் தேடுகிறார்.

சரி, அந்தக் கல்லிலிருந்தே தொடங்குவோம். அதன் பெயர் ஃபயர் அகேட். அடிப்படையில் அது குவார்ட்ஸ் குடும்பம். நம் கடற்கரை வெள்ளை மணலும் அதே குடும்பம்தான். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்தான் சிலிக்கா. அது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய இழைகளாகப் படிந்தால் அதைக் கால்சிடனி என்பார்கள். கால்சிடனியில் பட்டை பட்டையாக அடுக்கு விழுந்தால் அகேட். அந்த அடுக்குகளுக்கு இடையில் இரும்பு ஆக்சைடு மிக மெல்லிய படலங்களாக மாறி மாறிப் படிந்திருந்தால் அது ஃபயர் அகேட்.

நெருப்பு எங்கிருந்து வருகிறது? கல்லுக்குள் சிவப்புச் சாயமோ பச்சைச் சாயமோ கிடையாது. மழை பெய்த தார்ச்சாலையில் பெட்ரோல் சொட்டினால் வானவில் மாதிரி நிறங்கள் ஓடுமே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேர்கின்றன. சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில நிறங்கள் அழிந்துபோகின்றன. எந்த நிறம் தங்கும் என்பதைப் படலத்தின் தடிமன் தீர்மானிக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). படலமும் ஏறக்குறைய அந்த அளவு மெல்லியதாக இருந்தால்தான் இந்த விளையாட்டு நடக்கும். கல்லைச் சாய்த்தால் ஒளி செல்லும் தூரம் மாறுகிறது. அதனால் நிறமும் இடம் மாறுகிறது. பழுப்பும் ஆரஞ்சும் சாதாரணமாகக் கிடைக்கும். பச்சை அதைவிடக் குறைவு. நீலமும் ஊதாவும் அரிது என்பதால் விலையும் அங்கேதான் ஏறும்.

இது உருவான இடம் எரிமலைப் பாறை. இன்றைய அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியிலும் மெக்சிகோவிலும் சுமார் 2.4 கோடி முதல் 3.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெரிய அளவில் எரிமலைகள் குமுறின. குழம்பு ஆறி இறுகியபோது பாறையில் வெடிப்புகளும் குமிழிப் பொந்துகளும் விழுந்தன. சிலிக்காவும் இரும்பும் கரைந்த வெந்நீர் அந்தப் பொந்துகளில் புகுந்தது. பொந்தின் சுவரில் சிலிக்கா ஒரு பூச்சு, அதன்மேல் இரும்பு ஒரு பூச்சு, மறுபடியும் சிலிக்கா என்று காலங்காலமாகப் படிந்தது. தட்டையாகப் படியவில்லை; திராட்சைக் குலை மாதிரி உருண்டை உருண்டையாகப் புடைத்துப் படிந்தது. இந்த உருண்டை வடிவம் முக்கியம். கல்லை வெட்டுகிறவருக்கு இதுதான் தலைவலி, பிறகு வருகிறேன்.

ஆகவே ஃபயர் அகேட்டுக்கு மூன்று தேவை: மேல்மட்டத்தில் ஆறிய எரிமலைப் பாறை, காலியான பொந்து, இரும்பு கலந்த வெந்நீர். அரிசோனா, கலிபோர்னியா, மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்டஸ் ஆகிய இடங்களில் இந்த மூன்றும் கூடின. பாலைவனம் இந்தக் கல்லை உண்டாக்கவில்லை. வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். அங்கே மரம் செடி மறைப்பதில்லை, மேல்மண் கனமாக மூடுவதில்லை. என்றாவது கொட்டும் மழையும் ஓயாத காற்றும் மென்மையான பாறையை அரித்துவிடுகின்றன. கடினமான கால்சிடனி உதிர்ந்து தரையிலேயே கிடக்கிறது. கீறல் தாங்கும் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் எண் 6.5 முதல் 7; கண்ணாடியைக் கீறிவிடும்.

அரிசோனாவில் சாஃபர்ட் என்ற ஊருக்கு அருகே பிளாக் ஹில்ஸ், டங்கன் என்ற ஊருக்கு அருகே ரவுண்ட் மவுண்டன் என்று இரண்டு பொது இடங்கள் உண்டு. அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை, பொழுதுபோக்காகக் கல் பொறுக்குகிறவர்களுக்கென்றே அவற்றை விட்டிருக்கிறது. பழகியவர்கள் அங்கே எப்படித் தேடுகிறார்கள் என்பதைக் கவனித்தால் நமக்கும் பாடம் உண்டு. முதலில் தரையில் சிதறிக் கிடக்கும் கால்சிடனித் துண்டுகளைப் பார்ப்பார்கள். வெறும் வெள்ளைத் துண்டு என்றால் விட்டுவிடுவார்கள். அடியில் பழுப்பு நிறமும் மேலே குமிழ் வடிவமும் இருந்தால் நின்று பார்ப்பார்கள். அப்புறம் அந்தத் துண்டு எங்கிருந்து உருண்டு வந்திருக்கும் என்று சரிவில் மேல்நோக்கி நடப்பார்கள். உதிரிக் கல் கீழே கிடந்தால் தாய்ப்பாறை மேலே இருக்கும். சூரியன் சாய்வாக விழும் நேரத்தில், கல்லை நனைத்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நனைக்காவிட்டால் சொரசொரப்பான மேல்தோல் ஒளியைச் சிதறடித்துவிடும். உள்ளே இருப்பது தெரியாது.

பாலைவனம் விளையாட்டுக் களம் கிடையாது. கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் வெயில், கல்லிடுக்கில் தேளும் கிலுகிலுப்பைப் பாம்பும், மூடாமல் விட்ட பழைய சுரங்கக் குழிகள், எங்கோ பெய்த மழைக்கு வறண்ட ஓடையில் திடீரென வரும் வெள்ளம் எல்லாம் உண்டு. அதனால்தான் குளிர்மாதங்களில் போகிறார்கள். இன்னொன்று, பக்கத்து நிலத்தில் வேறு ஒருவர் சுரங்க உரிமை பதிந்து வைத்திருந்தால் அங்கே ஒரு துண்டைக்கூடத் தொடக் கூடாது. வரைபடத்தைப் பார்த்து எல்லையைத் தெரிந்துகொள்வதும் கல் சேகரிப்பில் சேர்த்திதான்.

வெட்டும் கதைக்கு வருவோம். வைரம், மாணிக்கம் போல இதற்குப் பட்டை தீட்ட முடியாது. நிறம் தரும் படலம் உருண்டையாக வளைந்து கிடக்கிறது. நேர்கோட்டில் அறுத்தால் வாள் படலத்தைக் குறுக்காகக் கடந்துவிடும். அந்த இடத்தில் நெருப்பு அணைந்துபோகும். அதனால் கல்லின் புடைப்பு எப்படிப் போகிறதோ அப்படியே தொடர்ந்து, மேலிருக்கும் கால்சிடனியை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்த்து இறங்க வேண்டும். நிறம் தெரியத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்ற ஆசையில்தான் பல கல் பாழாகிறது. போன படலம் திரும்ப வராது. முடிந்த கல் ஒழுங்கான வட்டமாகவோ நீள்வட்டமாகவோ அமையாமல், மேடும் பள்ளமுமாகத் தன் போக்கில் இருப்பது இதனால்தான். என்னைக் கேட்டால், அந்த ஒழுங்கின்மைதான் அழகு.

இணையத்தில் மணிமாலை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளீரென்ற ஆரஞ்சும் வெள்ளையும் கலந்து, மேலெல்லாம் சிலந்திவலை போல வெடிப்புக்கோடு ஓடும் மணிகளை "ஃபயர் அகேட்" என்ற பெயரில் விற்கிறார்கள். சாதாரண அகேட்டைச் சூடேற்றி வெடிக்க வைத்து, சாயம் ஏற்றிய மணி அது. சாய்த்துப் பாருங்கள். நிறம் ஓரிடத்திலேயே நின்றால் சாயம்; கல்லுக்குள் நகர்ந்தால் படலம். அசல் கல்லின் அடித்தளம் எப்போதும் பழுப்புதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். குமரி மாவட்டத்துப் பாறைகளின் கதை வேறு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியா, இலங்கை, மடகாஸ்கர் எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டிக் கிடந்த காலத்தில், நம் பாறைகள் தரைக்குக் கீழே 20 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தன. 800 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பமும் கடும் அழுத்தமும் சேர்ந்து அவற்றைப் பிசைந்து மாற்றிவிட்டன. சார்னோக்கைட், கோண்டலைட், நைஸ் என்று நிலவியலாளர்கள் சொல்பவை அப்படி வந்தவை. அந்த ஆழத்தில் காலிப் பொந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த இடைவெளியையும் அழுத்தம் மூடிவிடும். பொந்து இல்லையென்றால் அகேட் இல்லை.

இந்தியாவில் அகேட் வேண்டுமென்றால் எரிமலைக் குழம்பு பரவிய தக்காணத்துக்குத்தான் போக வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பாய்ந்த அந்தக் குழம்பு இன்று மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அதன் பொந்துகளில் விளைந்த அகேட்டைக் குஜராத்தின் காம்பே நகரத்துக் கைவினைஞர்கள் மிகப் பழங்காலத்திலிருந்தே மணியாக்கி வருகிறார்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் தோண்டியபோது கிடைத்த மணிகளில் அகேட்டும், சிவப்புக் கால்சிடனியான கார்னீலியனும், பெரில் என்ற இன்னொரு மணிக்கல்லும் உண்டு. பெரில் பக்கத்திலேயே கிடைத்த கல். அகேட் வெளியிலிருந்து வந்த கல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பட்டறைக்காரர்களுக்கும் எந்தக் கல் எந்த மண்ணுக்குரியது என்ற விவரம் தெரிந்திருக்கும்.

அப்படியானால் அந்த ஆழமும் வெப்பமும் நமக்கு என்ன தந்தன? கார்னெட். பாறையிலிருந்த இரும்பு, அலுமினியம், சிலிக்கா மூன்றும் சேர்ந்து, ஒயின் சிவப்பில் உருண்டையான படிகங்களாக இறுகின. ஃபயர் அகேட்டில் இரும்பு தனியாக ஒரு படலமாக ஒதுங்கி நின்றது; கார்னெட்டில் அதே இரும்பு படிகத்தின் உடம்புக்குள்ளேயே கலந்துவிட்டது. இதைப் பார்க்க மலையேற வேண்டாம். நம் மாவட்டத்தில் பழைய வீட்டு அடித்தளம், காம்பவுண்டுச் சுவர், படிக்கல் என்று எதையும் நனைத்து உற்றுப் பாருங்கள். வெளிர் நிறக் கல்லில் குங்குமப் புள்ளி வைத்தது மாதிரிச் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தால் அது பெரும்பாலும் கார்னெட். நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான். ஆனால் அது கால்சியம் கலந்த இன்னொரு வகை, நம் சுவரில் இருப்பதில்லை.

பாறை இப்படி என்றால், கடற்கரை இன்னும் சுவாரசியமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் வெயிலிலும் மழையிலும் உளுத்து மணலாகின்றன. குழித்துறை ஆறு தேங்காய்ப்பட்டணத்திலும், பழையாறு மணக்குடியிலும், வள்ளியாறு மணவாளக்குறிச்சிப் பக்கத்திலும் அந்த மணலைக் கடலில் கொண்டு சேர்க்கின்றன. அப்புறம் அலை வேலையைத் தொடங்குகிறது. கரையேறும் அலைக்கு வேகம் அதிகம், எல்லா மணலையும் தூக்கி வரும். திரும்பும் அலைக்கு வேகம் குறைவு, லேசான குவார்ட்சை மட்டும் இழுத்துப் போகும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் குவார்ட்சின் அடர்த்தி 2.65. கார்னெட்டுக்கு 4, இல்மனைட் என்ற கறுப்புத் தாதுவுக்கு 4.7, மோனசைட் என்ற தோரியம் கலந்த தாதுவுக்கு ஏறக்குறைய 5. கனமானவை பின்தங்கிவிடுகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் கடல் பொங்கி அடித்து ஓய்ந்த பிறகு போனால், வெண்மணலின்மேல் கறுப்பும் சிவப்புமாக மணல் கோடு கோடாக விரிந்திருப்பதைப் பார்க்கலாம். பாலைவனத்தில் காற்றும் மழையும் செய்யும் பொறுக்கு வேலையை இங்கே கடல் செய்கிறது.

கன்னியாகுமரியில் பல நிற மணலைப் பொட்டலம் போட்டு விற்பதைப் பார்க்காதவர் யார்? சுசீந்திரத்து இறைவனுக்கும் குமரி அம்மனுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் சேவல் கூவியதால் நின்றுபோய், சமைக்காத அரிசியும் தானியங்களும் மணலாகிவிட்டன என்பது நம் ஊர்க்கதை. அந்தப் பொட்டலத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரிசியாகத் தெரிவது குவார்ட்ஸ், சிவப்பாகத் தெரிவது கார்னெட், கறுப்பாகத் தெரிவது இல்மனைட். கதை சொன்னவர்கள் மணலை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி.

இந்த மணலுக்கு உலக வரலாறும் உண்டு. 1909ஆம் ஆண்டு, திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டார். அன்று குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. கேஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேண்டில் செய்யத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. அதைத் தொடர்ந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. 1950இல் தொடங்கிய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் இன்றும் அங்கே இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாவற்றையும் பிரிக்கிறது.

தொடக்கக்காரர் செய்து பார்க்க ஒரு சிறிய பயிற்சி சொல்கிறேன். கறுப்புக் கோடு விழுந்த இடத்தில் ஒரு கைப்பிடி மணல் எடுங்கள். பாதிச் சிரட்டையில் போட்டு, வாளித் தண்ணீருக்குள் வைத்து மெல்லச் சுழற்றிச் சாயுங்கள். வெள்ளை மணல் வழிந்து போகும்; கறுப்பும் சிவப்பும் அடியில் தங்கும். தங்கச் சலிப்பும் இதே முறைதான். அதைக் காயவைத்து வெள்ளைத் தாளில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பாருங்கள். தாளுக்கு அடியில் வலுவான நியோடிமியம் காந்தத்தை நகர்த்தினால் கறுப்பு இல்மனைட் முதலில் ஓடும், சிவப்புக் கார்னெட்டும் ஓரளவு இழுபடும், குவார்ட்சும் சிர்கானும் அசையாமல் கிடக்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல் அடர்த்தி, நிறம், காந்தம் என்று மூன்று சோதனைகளைக் கற்றுக்கொண்டாகிவிட்டது. காந்தத்துக்குத்தான் காசு.

பார்த்து முடித்ததும் மணலைத் திரும்பக் கரையிலேயே போட்டுவிடுங்கள். இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. மோனசைட்டில் இருக்கும் தோரியம் கதிர்வீச்சுள்ள தனிமம். மணவாளக்குறிச்சி, மிடாலம் பகுதிகளில் இயற்கைக் கதிர்வீச்சு சாதாரண இடங்களைவிட அதிகம். கையில் எடுத்துப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது, ஆனால் சாடியில் நிரப்பிப் படுக்கையறையில் அலங்காரமாக வைக்கும் பொருளும் அது இல்லை. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடற்கரைத் தாதுமணல் அள்ளுவதைத் தமிழக அரசு 2013இல் நிறுத்தியது. மூட்டையில் அள்ளினால் அது சேகரிப்பு ஆகாது, வழக்காகும். கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை: கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கரைப்பக்கமே போக வேண்டாம். காற்றே இல்லாத தெளிவான நாளிலும் அலை திடீரென ஏறும். கைவிட்ட கல்குவாரிகளும் அப்படித்தான். தண்ணீர் அமைதியாகத் தெரியும், ஆழம் தெரியாது.

முட்டத்துச் செம்மணல் மேட்டுக்கும் ஒரு நடை போய் வரலாம். தேரி என்று நாம் சொல்லும் அந்தச் சிவப்பும் இரும்புதான். உள்ளே இருப்பது பெரும்பாலும் வெள்ளைக் குவார்ட்ஸ். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது. ஒரு சிட்டிகையை நனைத்து விரலிடுக்கில் நன்றாகத் தேய்த்தால் விரல் சிவக்கும். அரிசோனாவில் இரும்பு வெந்நீரில் கரைந்து, பொந்துச் சுவரில் சீரான படலமாக இறங்கியது. முட்டத்தில் அது மழைநீரில் கசிந்து மணலின்மேல் தாறுமாறாக ஒட்டியது. அதனால்தான் இங்கே ஒரே செம்மை, அங்கே வானவில்.

நம் மாவட்டத்துக்கும் பாலைவனத்துக்கும் உண்மையான தொடர்பு வளைகுடா வழியாகத்தான். துபாயிலோ சவூதியிலோ வேலை பார்க்கும் மாமாவோ அண்ணனோ இல்லாத தெரு இங்கே குறைவு. அவர்கள் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் ஒன்றிரண்டு கல் வருவதுண்டு. இதழ் இதழாக ரோஜாப்பூப் போன்ற மணல் நிறக் கல் என்றால் அது பாலை ரோஜா. உப்பு நிலத்தில் நீர் ஆவியாகும்போது ஜிப்சம் படிகங்கள் மணலைக் கவ்விக்கொண்டு வளர்வதால் வருவது. ஜிப்சத்தின் கடினம் 2 என்பதால் நகத்தாலேயே கீறலாம். தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவினால் கெட்டுப்போகும். "சவூதி வைரம்" என்று யாராவது நீட்டினால் பெரும்பாலும் அது கைசுமா பக்கத்துப் பாலைவனத்தில் கிடைக்கும் குவார்ட்ஸ் கூழாங்கல். கண்ணாடியைக் கீறும், ஆனால் கண்ணாடியைக் கீறும் கல்லெல்லாம் வைரமாகாது. சிவப்பு ஏமன் அகீக் மோதிரத்துக்கு வருவோமானால், அது நம் கதையின் கால்சிடனியேதான். அதற்குள் இரும்பு படலமாக நிற்காமல் பொடியாகக் கலந்திருக்கிறது, அதனால் அந்தச் சிவப்பு அசையாது.

இவற்றைச் சேர்த்து வைக்க விரும்பினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கல்லில் ஒரு சிறு எண் ஒட்டி, எந்த ஊர், எந்தப் பாறை அல்லது மணல், எந்தத் தேதி, யார் கொடுத்தது என்று அந்த எண்ணுக்கு நேரே எழுதுங்கள். மாமா மறந்துபோவதற்குள் கேட்டுவிடுங்கள். ஊர்ப்பெயர் இல்லாத கல்லை நிலவியல் தெரிந்த யாரிடம் கொண்டுபோனாலும் அவர்கள் முதலில் கேட்பது, "இது எங்க எடுத்தது?" என்றுதான்.